வேலூர் லாட்ஜுக்கும் டிராவல்ஸுக்கும் ஆன்லைன் எங்கே கைகொடுக்கும், எங்கே கடிக்கும்?

கேள்வி: சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் 22 அறை லாட்ஜும், மூன்று கார் வைத்து ஒரு டிராவல்ஸும் நடத்துகிறோம். முன்பெல்லாம் காட்பாடியில் இறங்குகிறவர்கள் ஆட்டோ பிடித்து நேராக வாசலுக்கு வந்துவிடுவார்கள். இப்போது பாதிப்பேர் ஃபோனிலேயே ரூம் போட்டுவிட்டு வருகிறார்கள். புக்கிங் தளங்களில் சேர்ந்தோம், கமிஷன் கட்டி மாளவில்லை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைச் செய்யலாம், எதை விடலாம்?

பதில்:

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நடந்த பேரம் இப்போது கொல்கத்தாவிலும் குவாஹாட்டியிலும் ராஞ்சியிலும், ரயில் ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது. ஆளைக் கூட்டிவந்த ஆட்டோக்காரருக்கு நீங்கள் கொடுத்துவந்த தொகை தளத்துக்குப் போகிறது, கூடுதலாகவே போகிறது. இது ஊர் உலகம் எல்லாம் நடப்பதுதான். ஆனால் வேலூருக்கு மட்டும் ஒரு தனிக்கணக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். ஏலகிரிக்கு வருகிறவர் ஒரு சனி, ஞாயிறு தங்கிவிட்டுப் போனால் அடுத்த முறை கூர்க்குக்கோ ஏற்காட்டுக்கோதான் போவார். சிஎம்சிக்கு வருகிறவரை மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார் டாக்டர். அந்த இரண்டாவது வருகையில் அவர் உங்களை நேராகக் கூப்பிடுகிறாரா, மறுபடி தளத்தைத் திறக்கிறாரா என்பதில்தான் உங்கள் லாபம் இருக்கிறது. முதல் முறைக்குக் கமிஷன் கொடுப்பது விளம்பரச் செலவு. அதே ஆளுக்கு நான்காவது முறையும் கமிஷன் கொடுத்தால் அது உங்கள் கவனக்குறைவு.

முதலில் கமிஷன் கணக்கைச் சரியாகப் போடுங்கள். தளத்தில் 1,200 ரூபாய் என்று ரேட் போட்டிருக்கிறீர்கள். மொபைல் தள்ளுபடி என்று 10 சதவீதத்துக்கு டிக் அடித்திருப்பீர்கள், 1,080 ஆகிறது. உறுப்பினர் தள்ளுபடி இன்னொரு 10 சதவீதம், 972. அதற்கு 18 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 175 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 31 ரூபாய் 50 காசு. மீதி 765 ரூபாய் சொச்சம். முன்கூட்டிய வரிப் பிடித்தமாக டிசிஎஸ் அரை சதவீதம், டிடிஎஸ் 0.1 சதவீதம் தனியாகப் பிடிப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஆறு ரூபாய்க்குள்தான், கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆக 1,200 என்று போட்ட அறைக்குக் கைக்கு வருவது 760. கமிஷன் 18 சதவீதம்தானே என்று நினைப்பவருக்கு உண்மையில் போவது 36 சதவீதத்துக்கும் மேல். பெரிய ஓட்டை கமிஷன் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் தள்ளுபடிகள். தளத்தின் ‘ப்ரமோஷன்’ பக்கத்தைத் திறந்து எதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். சேர்த்துவிட வந்த பையன் ஆரம்பத்தில் டிக் அடித்துவிட்டுப் போனவை அப்படியே கிடக்கும்.

அந்த 31 ரூபாய் 50 காசையும் சாதாரணமாக விடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, விருந்தினருக்கு நல்லது. ஆனால் இந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரியை, அதாவது நீங்கள் வாங்கும் சேவைகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, கழிக்க முடியாது. முன்பு கமிஷன் மேல் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது அது முழுச் செலவு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன லாட்ஜ் என்றால், தளம் மூலம் வரும் புக்கிங்குக்கான அறை வரியைத் தளமே கட்டவேண்டும். நேரில் வருகிறவரிடம் நீங்கள் வரி வசூலிக்கக் கூடாது.

தளத்தில் போட்டதைவிட நம் கவுண்ட்டரில் குறைத்துக் கொடுத்தால் ஒப்பந்தத்தை மீறியதாகுமா என்று பலரும் பயப்படுகிறார்கள். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ‘எங்களிடம் காட்டும் விலைக்குக் குறைவாக வேறெங்கும் விற்காதே’ என்ற நிபந்தனைகளை நீக்கச் சொன்னதும் அந்த உத்தரவில்தான். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பகுதியைப் படியுங்கள். ஆனால் தளம் அனுப்பிய புக்கிங்கை ரத்து செய்யச் சொல்லிவிட்டுக் கையில் பணம் வாங்குவது வேறு விஷயம். ரத்துக் கணக்கு ஏறினால் உங்கள் லாட்ஜ் தேடலில் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். முதல் வருகை தளத்தின் ஆள் என்றால் அதை அப்படியே மதித்து முடியுங்கள். அடுத்த வருகை உங்களுடையது.

வேலூரில் ஓவர்புக்கிங் ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், காரணம் சாஃப்ட்வேர் இல்லை, ஆஸ்பத்திரி. மூன்று நாள் என்று புக் செய்தவருக்கு பயாப்ஸி ரிசல்ட் வரத் தாமதமாகும், இன்னொரு டிபார்ட்மென்ட்டுக்கு எழுதிக்கொடுப்பார்கள், மூன்று நாள் எட்டு நாளாகும். நோயாளியை வெளியே போகச் சொல்லவும் மனம் வராது. அந்த அறையை அதற்குள் தளம் வேறொருவருக்கு விற்றிருக்கும். சேனல் மேனேஜர் என்ற மென்பொருள் எல்லாத் தளங்களிலும் காலி அறை எண்ணிக்கையை ஒரே நேரத்தில் குறைக்கும், நல்லதுதான். ஆனால் நீங்கள் செக்-அவுட் தேதியை மாற்றிப் போட்டால்தான் அதற்கே தெரியும். அதனால் 22 அறையில் தளங்களுக்கு எல்லாமாகச் சேர்த்து 8-க்கு மேல் திறக்காதீர்கள். எப்போதும் 3 அறை எங்கும் காட்டாமல் கையிருப்பில் இருக்கட்டும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, மறுநாள் கிளம்புவதாக எழுதியிருக்கும் ஒவ்வொரு அறைக்கும் ரூம் பாயை அனுப்பி ‘நாளைக்குக் கிளம்புகிறீர்களா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. எந்த மென்பொருளும் இதைச் செய்யாது.

இன்னொரு மோதல், செக்-இன் நேரம். நம் ஊர் லாட்ஜ்களில் பழக்கம் 24 மணி நேரக் கணக்கு. தளத்தில் பெரும்பாலும் பகல் 12 மணி என்று தானாகவே விழுந்திருக்கும். வடக்கிலிருந்து வருகிறவர் விடியற்காலை நாலு மணிக்குக் காட்பாடியில் இறங்கி, ஏழு கிலோமீட்டர் வந்து, நோயாளியோடு ரிசப்ஷனில் நிற்பார். ‘பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம்’ என்றால் அன்று மாலையே ஒற்றை நட்சத்திரம் விழும். உங்கள் பழக்கம் 24 மணி நேரம் என்றால் அதையே தளத்திலும் எழுதவையுங்கள். முடியாவிட்டால், அதிகாலை வந்தால் அரைநாள் வாடகை என்று தொகையோடு முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

இனி கூகுள் மேப். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைச் சரிசெய்யவேண்டும். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பெயர் உங்கள் போர்டில் உள்ளபடியே இருக்கட்டும். ‘பெஸ்ட் லாட்ஜ் நியர் சிஎம்சி லோ ப்ரைஸ்’ என்று வால் ஒட்டினால் புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள், மீட்க வாரக்கணக்காகும். சரிபார்ப்பு இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான். வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்கவேண்டும், 30 விநாடியாவது இருக்கவேண்டும். தெருவும் பக்கத்துக் கடையும் தெரிய ஆரம்பித்து, உங்கள் போர்டு, பிறகு உள்ளே போய் ரிசப்ஷன் மேசையைச் சாவி போட்டுத் திறப்பது அல்லது லைசென்ஸ் காகிதம். நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பது தெரியவேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள்; போர்டு எழுத்து படிக்கும்படி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மேப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் ‘பின்’ குறி எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கத்துச் சந்துகளில் முப்பது அடி தள்ளிக் குத்தினால் பின்பக்கத் தெருவைக் காட்டும். வீல்சேரோடு வருகிறவர் சுற்றிச் சுற்றி வருவார். வாசல் கதவின் மேலேயே பின் இருக்கவேண்டும். அதன் பிறகு ஒரு புது டிரைவரிடம் லிங்க்கைக் கொடுத்துக் காட்பாடியிலிருந்து ஓட்டி வரச் சொல்லிச் சோதியுங்கள்.

படங்களில்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். சுற்றுலா ஊர் மாதிரி மெத்தை விரிப்பையும் அன்னம்போல் மடித்த துண்டையும் எடுத்துப் போடுகிறார்கள். சிஎம்சிக்கு வருகிற குடும்பம் தேடுவது வேறு: லிஃப்ட் இருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் இல்லாவிட்டாலும் வீல்சேராவது நுழையுமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, கூட வந்தவர் படுக்கக் கூடுதல் கட்டில் கிடைக்குமா, அரிசி வடிக்க கேஸ் ஸ்டவ் வைத்த சமையலறை உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு, மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் கிடைக்குமா, ஆஸ்பத்திரி கேட்டுக்கு எத்தனை நிமிட நடை. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் ஒரு வரியும் போடுங்கள். வாசலில் படி இருந்தால் அதையும் எடுத்துப் போடுங்கள், எத்தனை படி என்று எழுதுங்கள். மறைத்தால் வந்த பிறகு சண்டைதான். ஃபோனில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஏஐ கருவிகளும் இப்படி வெளிப்படையாக எழுதிவைத்த விவரத்தைத்தான் பொறுக்கி எடுக்கின்றன. ‘அனைத்து வசதிகளும் உண்டு’ என்று எழுதினால் மனிதருக்கும் பயனில்லை, இயந்திரத்துக்கும் பயனில்லை.

ரிவ்யூ எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு. 22 ரிவ்யூ, சராசரி 4.6 என்று இருக்கும்போது ஒரே ஒரு ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் 4.4 ஆகிவிடும். 300 ரிவ்யூ இருந்தால் 4.6 அசையாது. அதனால் ஒவ்வொரு செக்-அவுட்டிலும் கேளுங்கள்; பில்லோடு கியூஆர் கார்டு வையுங்கள். ஆனால் ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவது, சந்தோஷமாக இருப்பவரிடம் மட்டும் கேட்பது இரண்டும் கூகுள் விதிக்கு எதிரானவை. காசுக்கு நூறு ரிவ்யூ போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரே வாரத்தில் விழுந்த நூறும் ஒரே நாளில் நீக்கப்பட்டுவிடும்.

ரிவ்யூவுக்குப் பதில் எழுதும்போது வேலூரில் ஒரு கூடுதல் கவனம் தேவை. ‘உங்கள் அம்மாவின் கீமோ நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி’ என்று அன்பாகத்தான் எழுதுவீர்கள். ஆனால் ஒருவருடைய நோயை ஊரறிய எழுதிவிட்டீர்கள். மகளுக்கு வரன் பார்க்கும் குடும்பமாக இருக்கலாம், வேலையிடத்தில் சொல்லாத ஆளாக இருக்கலாம். ரூம், தண்ணீர், சத்தம், கட்டணம் பற்றி மட்டும் எழுதுங்கள். நோய், டிபார்ட்மென்ட், டாக்டர் பெயர் எதுவும் வேண்டாம். அடையாள நகலுக்கும் இதே கவனம் வேண்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். அதையும் ரூம் பாயின் சொந்த ஃபோன் வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுத்தாகவேண்டும். சி-ஃபார்ம் என்று நாம் சொல்லிப் பழகியது.

இப்போது அந்த இரண்டாவது வருகை. வாட்ஸ்அப் பிசினஸில் தனி எண் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், உரிமையாளரின் சொந்த எண் வேண்டாம். கிளம்பும்போது விருந்தினரிடம் இரண்டு கேள்வி: ‘அடுத்த செக்கப் எந்த மாதம்? அப்போது மெசேஜ் அனுப்பலாமா?’ சரி என்றவருக்கு மட்டும் லேபிள் போடுங்கள்: ‘மார்ச் செக்கப்’, ‘ஜூன் செக்கப்’ என்று. எப்போது அனுப்பவேண்டும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. குடும்பம் முதலில் டிக்கெட் போடும், பிறகுதான் ரூம் தேடும். ஆகவே செக்கப்புக்கு 60, 65 நாள் முன்பு மெசேஜ் போகவேண்டும்: ‘இந்தத் தேதிக்கு ரயில் முன்பதிவு திறக்கிறது, டிக்கெட் கிடைத்ததும் தேதியைச் சொல்லுங்கள், போன முறை இருந்த அறையையே வைக்கிறோம்.’ பத்து நாள் முன்பு அனுப்பினால் அவர் ஏற்கெனவே ரூம் போட்டிருப்பார். மெசேஜ் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கட்டும். மொழிபெயர்ப்புக் கருவி போட்டதை அப்படியே அனுப்பாமல், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டித் திருத்தி, விரைவுப் பதிலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ரேட் ஏற்றியிருந்தால் அதையும் இதிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து நாளுக்கு மேல், பத்து நாளுக்கு மேல் என்று தனி ரேட் வையுங்கள். கமிஷனும் அதன் ஜிஎஸ்டியுமாகத் தளத்துக்குப் போகும் சுமார் 20 சதவீதத்தில் பாதியை அவருக்கே குறைத்தாலும் உங்களுக்கு மிச்சம்.

ஒரு வேண்டுகோள்: ‘சிஎம்சி அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறோம்’ என்று எங்கும் போடாதீர்கள். ஆஸ்பத்திரியே தன் இணையதளத்தில் அப்பாயின்ட்மென்ட் தருகிறது. அந்த லிங்க்கை அனுப்பினால் போதும்.

காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா? நீண்ட தங்கல் இருப்பதால் வேலூரில் செய்யலாம். ஒரு கிளிக் 10 ரூபாய், முப்பது கிளிக்குக்கு ஒரு புக்கிங் என்று வைத்தால் ஒரு விருந்தினருக்கு 300 ரூபாய். அவர் 800 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கினால் 4,000-க்கு 300, அதாவது ஏழரை சதவீதம். ஒரே இரவு தங்கினால் 37 சதவீதத்துக்கு மேல்! எனவே விளம்பர வாசகத்திலேயே ‘வாரக் கணக்கில் தங்க’ என்று வையுங்கள். கூகுள் விளம்பரத்தில் இடத்தை கொல்கத்தா, குவாஹாட்டி, அகர்தலா, ராஞ்சி, தன்பாத் என்று குறியுங்கள். ‘வேலை’, ‘டாக்டர் லிஸ்ட்’, ‘ரிப்போர்ட் டவுன்லோட்’ போன்ற சொற்களை எதிர்மறைச் சொற்களாக (இவற்றைத் தேடுகிறவருக்கு விளம்பரம் காட்டவேண்டாம் என்று) சேர்க்காவிட்டால் பாதிக் காசு அங்கேயே போய்விடும். இரண்டு வாரம் பார்த்து, எத்தனை ஃபோன் வந்தது, எத்தனை அறை நிரம்பியது என்று நோட்டில் எழுதி, அதை வைத்து நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்யுங்கள். லைக் எண்ணிக்கையைக் காட்டிப் பேசுகிற ஏஜென்சி வேண்டாம்.

யூடியூபில் ‘வேலூர் போவது எப்படி, எங்கே தங்குவது’ என்று வங்காள மொழியில் வரும் வீடியோக்களுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. ஒருவரை அழைத்து எடுக்கச் சொன்னால், காசோ இலவச அறையோ கொடுத்திருந்தால், அது விளம்பரம் என்று வீடியோவில் சொல்லவேண்டும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஏலகிரி ரிசார்ட்டுக்குச் சரி. 14 கொண்டை ஊசி வளைவும் மூடுபனியும் விற்கும். லாட்ஜுக்கு அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஒரே சந்தையை நம்பாமல் இருப்பதும் முக்கியம். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு இந்திய விசா வழங்குவது வெகுவாகச் சுருங்கியது. அவர்களையே நம்பியிருந்தவர்களுக்கு அடி. விஐடி பல்கலைக்கழக மாணவர்களின் பெற்றோர் கூட்டம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்கள் இவர்களுக்குத் தளங்களில் அந்தந்தத் தேதிக்கு மட்டும் ரேட்டை ஏற்றி இரண்டு மூன்று அறை திறக்கலாம். அதற்காக மாதக்கணக்கில் இருக்கும் நோயாளியின் ரேட்டில் கைவைக்காதீர்கள்.

மோசடி பற்றி ஒன்று. கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் ‘திருத்தம்’ அனுப்பலாம். உங்கள் லாட்ஜ் பெயருக்குக் கீழே வேறு ஃபோன் எண்ணைப் போட்டு, அழைக்கிறவரிடம் யுபிஐயில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். குடும்பம் உங்கள் வாசலில் வந்து நிற்கும். வாரம் ஒருமுறை உங்கள் கணக்கில் இல்லாத இன்னொரு ஃபோனில் தேடி எண்ணைச் சரிபாருங்கள். அட்வான்ஸ் லாட்ஜ் பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்கே வரட்டும். பணம் அனுப்பும்போது திரையில் ஒரு தனிநபர் பெயர் வந்தால் தொலைவிலிருப்பவர் சந்தேகப்படுவது நியாயம்தான். ஒரு நாள் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்காதீர்கள், ரத்தானால் எப்போது திருப்புவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். ஏமாந்தவர் வந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

டிராவல்ஸுக்கு வருவோம். மூன்று கார்தான் என்பதால் பெரிய தளங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். லாட்ஜ் விருந்தினரே முதல் வாடிக்கையாளர்: புக்கிங் உறுதியான மெசேஜிலேயே ‘காட்பாடி பிக்கப் வேண்டுமா, ரயில் எண் என்ன?’ என்று கேளுங்கள். ரயிலின் நிலையை ஆப்பில் பார்த்து, அது வரும் நேரத்துக்கு வண்டியை அனுப்பி, டிரைவர் பெயரையும் வண்டி எண்ணையும் லைவ் லொகேஷனையும் அனுப்பினால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் ஓபி (வெளிநோயாளி பிரிவு) இல்லாததால் கூட வந்தவர்கள் அறையில் சும்மா இருப்பார்கள். கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஸ்ரீபுரம் என்று அரைநாள் ரவுண்டுக்கு ஒரே ரேட் போட்டு வாட்ஸ்அப் கேட்டலாகில் வையுங்கள். ஸ்ரீபுரத்தில் ஃபோன் உள்ளே கொண்டுபோக முடியாது, உடைக் கட்டுப்பாடும் உண்டு என்பதை முன்பே எழுதுங்கள்.

வெளியூர் ரேட்டில் சண்டை வருவது மறைந்திருக்கும் மினிமத்தால். அப் அண்ட் டவுனுக்கு ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் மினிமம் என்பது பரவலான வழக்கம். வேலூர்–திருப்பதி போய்வந்தால் 220 சொச்சம்தான் வரும். ஆனாலும் 250-க்குத்தான் பில். இது தெரியாமல் மேப்பில் கிலோமீட்டர் பார்த்து வந்தவர் ஏமாற்றிவிட்டார்கள் என்றே எழுதுவார். கிலோமீட்டர் ரேட், மினிமம், டிரைவர் பேட்டா, ஆந்திரா பர்மிட், டோல், பார்க்கிங் எது சேர்ந்தது, எது தனி என்று ஒரே மெசேஜில் போடுங்கள். டோலுக்கு ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை பில்லோடு அனுப்பினால் பேச்சே வராது. ‘தரிசன டிக்கெட்டோடு பேக்கேஜ்’ என்று மட்டும் போடாதீர்கள்; 300 ரூபாய் டிக்கெட்டைத் திருப்பதி தேவஸ்தானம் பெயரும் அடையாள அட்டையும் வைத்துத் தன் தளத்திலேயே தருகிறது, அதை விருந்தினரே போட்டுக்கொள்ளட்டும்.

சீசனில் வண்டி போதவில்லை என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு வெள்ளை போர்டு காரை அனுப்பும் பழக்கம் பெருகியிருக்கிறது. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம், புக்கிங் மெசேஜ் உங்கள் எண்ணிலிருந்து போனதற்கு ஆதாரம் விருந்தினரின் ஃபோனிலேயே இருக்கும். மஞ்சள் போர்டு, பர்மிட், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் நாலும் ஓடுகிற தேதியில் உள்ள மூன்று நான்கு வண்டிக்காரர்களோடு முன்பே பேசி, அவர்களின் ஆவணப் படங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் கிடைக்காத நாளில் ‘வண்டி இல்லை’ என்று சொல்லிவிடுங்கள்.